எல்லை தாண்டிய உரிமம்

அமெரிக்க நாட்டின் கிழக்குப் பகுதியிலே டெலவேர் என்றோர் ஆறு ஓடுகின்றது. அதன் மேற்குக் கரையில் பென்சில்வேனியா மாநிலத்தின் பெருநகரமாகிய பிலடெல்பியா விளங்குகின்றது. கிழக்குக் கரையில் நியூ ஜெர்சி மாநிலத்தின் காம்டன் நகரம் அமைந்திருக்கின்றது. இவ்விரு நகரங்களையும் இணைக்கும் பெரும்பாலம் ஒன்று 1926-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. பெஞ்சமின் பிராங்ளின் பெயரால் இன்று வழங்கும் அப்பாலத்தின் மீது மோட்டாரில் சென்றால் சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடலாம். நடுவே எல்லைச் சுவர் இல்லை. நிறுத்திச் சோதனையிடும் காவலரும் இல்லை. ஆயினும், சட்டைக்குள்ளே ஒரு கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு அப்பாலத்தைக் கடப்பவரின் நிலை நடுவழியிலேயே மாறிவிடுகின்றது. இக்கரையில் அவர் அரசின் உரிமம் பெற்ற நற்குடிமகன். அக்கரையில் ஆண்டுக்கணக்கில் சிறை செல்லத்தக்க குற்றவாளி. மனிதர் மாறவில்லை, துப்பாக்கி மாறவில்லை, பையில் இருக்கும் உரிமச் சீட்டும் மாறவில்லை. மாறியது மண் ஒன்றே.

இந்த விந்தை எவ்வாறு தோன்றியது, அதனை நீக்க என்னென்ன முயற்சிகள் நடந்தன, அவை ஏன் முற்றுப்பெறவில்லை என்பவற்றையே இன்று காண்போம். துப்பாக்கி நம்மில் பெரும்பாலோரின் அன்றாட வாழ்வில் தொடர்பில்லாத பொருள். ஆதலால், இது நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், ஓர் அரசு கொடுத்த அனுமதியை மற்றோர் அரசு எந்த அளவுக்கு மதிக்கவேண்டும் என்னும் வினா இதனுள் அடங்கியிருக்கின்றது. கூட்டாட்சி நடைபெறும் எந்நாட்டாரும் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா அது.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தியை மனத்திற் கொள்ளவேண்டும். நம் நாட்டில் தண்டனைச் சட்டம் நாடு முழுமைக்கும் பெரும்பாலும் ஒன்றே. அமெரிக்காவிலோ 50 மாநிலங்களும் தனித்தனியே தண்டனைச் சட்டங்களை இயற்றிக் கொள்கின்றன. மக்களின் பாதுகாப்பு, ஒழுங்கு, உடல்நலம் ஆகியவற்றைக் காக்கும் அதிகாரம் முதன்மையாக மாநிலங்களுக்கே உரியது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் உயிர்நிலைக் கொள்கை. ஆயுதம் ஏந்துவதைப் பற்றிய விதிகளிற் பெரும்பகுதியும் இவ்வகையிலேயே மாநிலங்களின் கையில் இருக்கின்றது. இதற்கு மேலே நாடு முழுவதற்கும் பொதுவாக நிற்பது, 1791-ஆம் ஆண்டில் அரசியலமைப்பிற் சேர்க்கப்பெற்ற இரண்டாவது திருத்தம். ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையைப் பறிக்கலாகாது என்று அது கூறுகின்றது. அவ்வுரிமையின் எல்லை யாது என்பதைப் பற்றியே இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வழக்காடி வருகின்றனர்.

அக்காலத்தில், ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்துவது வேறு, மறைத்து ஏந்துவது வேறு என்று மக்கள் கருதினர். இடுப்பிலே தெரியும்படி துப்பாக்கியைச் செருகிக்கொண்டு வருபவனைக் கண்டு பிறர் எச்சரிக்கையாக இருக்கலாம்; மறைத்து வருபவனோ வஞ்சகம் செய்ய எண்ணியவன் என்பது அன்றைய எண்ணம். அதனாலே 1813-ஆம் ஆண்டில் கெண்டக்கி மாநிலமும் லூயிசியானா மாநிலமும் மறைத்து ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தன. இவற்றுள் கெண்டக்கிச் சட்டத்தில் நாம் கருதத்தக்க விலக்கு ஒன்று இருந்தது. வழிப்பயணம் மேற்கொண்டிருப்பவனுக்கு அத்தடை பொருந்தாது என்பதே அது. காடும் மேடும் கடந்து, காவலில்லாத நெடுவழியிலே செல்பவனுக்குத் தற்காப்பு வேண்டும் என்று சட்டம் இயற்றியோர் எண்ணினர் போலும். ஊரிலே இருப்பவனுக்குத் தடை, வழிப்போக்கனுக்குச் சலுகை. இன்றைய நிலைமை இதற்கு நேர்மாறு. தன் ஊரில் இருப்பவன் அச்சமின்றி இருக்கிறான். பயணம் புறப்பட்டவனே சட்டத்தின் வலையில் சிக்குகிறான்.

கெண்டக்கியின் சட்டம் அம்மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று 1822-ஆம் ஆண்டில் அங்குள்ள நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனினும் பிற மாநிலங்கள் பலவற்றிலும் மறைத்து ஏந்துவதற்குத் தடைகள் பரவின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுத் தடைக்குப் பதிலாக உரிமம் என்னும் ஏற்பாடு வலுப்பெற்றது. நியூயார்க் மாநிலம் 1911-ஆம் ஆண்டில் இயற்றிய சல்லிவன் சட்டம் இதற்குப் பெயர் பெற்ற சான்று. உரிமம் இன்றிக் கைத்துப்பாக்கியை மறைத்து ஏந்துவது அச்சட்டப்படி கடுங்குற்றமாயிற்று. உரிமம் தருவதா மறுப்பதா என்பதும் பெரும்பாலும் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

1987-ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலம் வேறொரு வழியை வகுத்தது. வயது, பயிற்சி, குற்றமற்ற நடத்தை முதலிய தகுதிகள் ஒருவரிடம் இருப்பின், அவருக்கு அதிகாரி உரிமம் தந்தே தீரவேண்டும் என்பதே அவ்வழி. பிற மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இதனைப் பின்பற்றின. டெக்சாஸ் 1995-ஆம் ஆண்டில் இவ்வகைச் சட்டத்தை நிறைவேற்றியது. எவ்வகை உரிமமும் தராமல் நெடுங்காலம் நின்ற இல்லினாய் மாநிலமும், நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பணிந்து, 2013-ஆம் ஆண்டில் உரிமச் சட்டம் இயற்றியது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் சட்டத்தை ஆராய்ந்தது. தற்காப்புக்குத் தனிப்பட்ட காரணம் காட்டினால்தான் உரிமம் என்னும் விதி இரண்டாவது திருத்தத்துக்கு முரணானது என்று, ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாக, அது தீர்ப்பளித்தது.

உரிமமே வேண்டாம் என்னும் மாநிலங்களும் உண்டு. வெர்மான்ட் மாநிலம் இவற்றுள் மூத்தது. அங்கே இவ்வகை உரிமம் என்றுமே இருந்ததில்லை. 2003-ஆம் ஆண்டில் அலாஸ்காவும், 2010-ஆம் ஆண்டில் அரிசோனாவும் இந்நெறியைக் கைக்கொண்டன. 2024-ஆம் ஆண்டு முடிவதற்குள் இத்தகைய மாநிலங்களின் தொகை 29 ஆயிற்று. உரிமம் வேண்டாம் என்பதனால் எவரும் ஏந்தலாம் என்று பொருளன்று. கடுங்குற்றம் புரிந்து தண்டனை பெற்றோர் முதலியோர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசின் சட்டம் எங்கும் தடுக்கின்றது.

இவ்வாறு, ஒரே நாட்டில் பல நெறிகள் நிலவுகின்றன. இனி, ஒரு மாநிலத்தின் உரிமம் மற்றொரு மாநிலத்தில் செல்லுமா என்னும் வினாவுக்கு வருவோம். திருமணப் பதிவு எங்கும் செல்கிறதே, மோட்டார் ஓட்டும் லைசென்சு எங்கும் செல்கிறதே, துப்பாக்கி உரிமம் மட்டும் ஏன் செல்லாது என்று பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் பிரிவு, ஒரு மாநிலத்தின் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் ஆவணங்களுக்கும் பிற மாநிலங்கள் முழு மதிப்பு அளிக்கவேண்டும் என்று கூறுவது உண்மையே. ஆனால் உரிமம் என்பது நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய தீர்ப்பன்று. இனி ஒரு செயலைச் செய்துகொள்ளலாம் என்று தன் எல்லைக்குள் ஓர் அரசு கொடுக்கும் அனுமதி. நியூயார்க்கில் பதிவு பெற்ற வழக்கறிஞர், அப்பதிவு ஒன்றைக் கொண்டே கலிபோர்னியா நீதிமன்றங்களில் தொழில் நடத்திவிட இயலாது. மருத்துவர்க்கும் அவ்வாறே. மோட்டார் லைசென்சு எங்கும் செல்வது, எல்லா மாநிலங்களும் தத்தம் சட்டத்தால் அதற்கு இசைந்ததனாலேயே. துப்பாக்கி உரிமத்துக்கு அத்தகைய பொது இசைவு ஏற்படவில்லை.

ஆகவே, பிற மாநில உரிமத்தை ஓர் அறிமுகக் கடிதத்துக்கு ஒப்பிடலாம். கடிதத்தை எழுதியவர் எத்துணைப் பெரியவராயினும், அதைப் பெறுபவர் அவர் சொல்லை மதித்தால்தான் பயன் விளையும். மதிப்பதிலும் பல வகைகள் உண்டு. சில மாநிலங்கள் பிற மாநிலங்கள் அனைத்தின் உரிமங்களையும் ஏற்கின்றன. சில, தம் உரிமத்தை ஏற்கும் மாநிலங்களின் உரிமத்தையே தாமும் ஏற்கின்றன. இதனைப் பரஸ்பர அங்கீகாரம் என்பர். வேறு சில, உரிமம் தருமுன் செய்யும் விசாரணையும் பயிற்சியும் தம்முடைய அளவுக்கு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கின்றன. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் முதலிய மாநிலங்கள் பிறர் கொடுத்த உரிமம் எதனையும் ஏற்பதில்லை. நியூயார்க் நகரமோ இதனினும் ஒரு படி மேலே செல்கின்றது. நியூயார்க் மாநிலத்தின் பிற பகுதிகளில் வழங்கப்பெற்ற உரிமமே, நகரக் காவல்துறைத் தலைவரின் தனி அனுமதி இல்லாவிடின், அந்நகரத்துள் செல்லாது. அயலார் உரிமத்தை ஏற்காததோடு அமையாமல், தன் வீட்டாரின் உரிமத்தையும் வாசலிலே நிறுத்திவைக்கும் நகரம் அது.

இச்சிக்கலிலிருந்து ஒரு புதுமை பிறந்தது. யூட்டா, ஃபுளோரிடா போன்ற மாநிலங்கள், தம் மண்ணில் குடியிராதவர்க்கும் உரிமம் வழங்குகின்றன. பல மாநிலங்கள் ஏற்கும் உரிமம் என்பதனால், தம் ஊரை விட்டு அசையாத பலரும் இவற்றைப் பெற்று வைத்துக்கொள்கின்றனர். வெர்மான்ட் மாநிலத்தவரின் நிலை இன்னும் வியப்பானது. தம் மாநிலத்தில் அவர்களுக்கு உரிமம் வேண்டியதில்லை. வேண்டாததனாலேயே அம்மாநிலம் உரிமம் தருவதும் இல்லை. ஆகவே வெளியூர் செல்லும்போது காட்டுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை! தம் வீட்டில் முழு உரிமை பெற்றவர், பக்கத்து வீட்டுக்குச் செல்ல மூன்றாம் வீட்டாரிடம் சீட்டு வாங்கவேண்டியவர் ஆகின்றார். ஆனால் இவ்வாறு பெற்ற சீட்டும் எங்கும் செல்வதன்று. கொலராடோவும் மிச்சிகனும், உரிமம் கொடுத்த மாநிலத்திலேயே குடியிருப்பவர் அதனைக் கொண்டுவந்தால்தான் ஏற்கும். வெளியார்க்கு என்று அம்மாநிலம் கொடுத்த உரிமத்தை ஏற்பதில்லை. உரிமம் தேவையில்லாத மாநிலங்களும் உரிமம் வழங்குவதை விட்டுவிடாததற்கு இப்பயணத் தேவையே பெருங்காரணம். ஐடஹோ போன்றவை, மிகுந்த பயிற்சியுடன் கூடிய உயர்தர உரிமம் ஒன்றைத் தனியே வழங்குகின்றன. கூடுதற் பயிற்சியைக் கண்டு பிற மாநிலங்கள் நம்பிக்கை கொள்ளும் என்பதே அதன் நோக்கம்.

உரிமம் ஏற்கப்படும் இடத்திலும் பயணியின் கவலை தீர்ந்துவிடுவதில்லை. உரிமம் மட்டுமே எல்லை தாண்டுகின்றது. அதனோடு பிறந்த விதிகள் எல்லை தாண்டுவதில்லை. எந்த மண்ணில் நிற்கின்றாரோ அந்த மண்ணின் விதிக்கே அவர் கட்டுப்பட்டவர். மிச்சிகன், வட கரோலினா போன்ற மாநிலங்களில், போலீசார் நிறுத்தினால், தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவர் கேட்குமுன்னரே தாமாகச் சொல்லிவிட வேண்டும். வேறு பல மாநிலங்களில் கேட்டால் சொன்னாற் போதும். டெக்சாஸ் மாநிலத்திலோ, உரிமம் பெற்றவரும் மறைத்த துப்பாக்கியுடன் உள்ளே வரலாகாது என்று ஒரு கடைக்காரர் கருதினால், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷ் மொழியிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்துகளில், சட்டம் வகுத்த வாசகத்தை எழுதி வைக்கலாம். அதனைக் கண்டும் மீறி நுழைவது குற்றம். மதுக்கடை, மருத்துவமனை, வழிபாட்டிடம், விளையாட்டரங்கம் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு தடைப்பட்டியல் உண்டு. ஒன்று போல் மற்றொன்று இராது.

மாநில விதிகளோடு மத்திய அரசின் விதிகளும் சேர்கின்றன. மத்திய அரசின் அலுவலகக் கட்டடங்களுக்குள் எவருடைய உரிமமும் செல்லாது. தேசியப் பூங்காக்களில், 2010-ஆம் ஆண்டு முதல், அப்பூங்கா அமைந்துள்ள மாநிலத்தின் துப்பாக்கிச் சட்டமே பொருந்தும். ஒரு பூங்கா இரு மாநிலங்களிற் பரந்திருந்தால் சட்டமும் இரண்டு. இவற்றினும் நுட்பமானது பள்ளிக்கூட விதி. பள்ளிக்கு 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டு செல்வதை மத்தியச் சட்டம் தடுக்கின்றது; அப்பள்ளி அமைந்துள்ள மாநிலமே கொடுத்த உரிமம் உடையவர்க்கு விலக்கும் அளிக்கின்றது. அச்சொற்களை உள்ளபடி கொண்டால், வேறொரு மாநிலம் கொடுத்த உரிமம், அம்மாநிலத்தால் ஏற்கப்பட்டதேயாயினும், அவ்விலக்குக்குள் வராது. அமெரிக்க ஊர்களில் ஒரு தெருவழியே மோட்டாரில் செல்பவர் பள்ளி எதனையும் 1,000 அடிக்குள் நெருங்காமற் செல்வது எளிதோ?

வழிப்பயணிகளின் இன்னலை மத்திய அரசு அறவே மறந்துவிட்டது என்றும் சொல்ல இயலாது. 1986-ஆம் ஆண்டில் காங்கிரஸ் இயற்றிய துப்பாக்கி உடையோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு வழி செய்தது. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக்கூடிய ஓரிடத்திலிருந்து, அவ்வாறே வைத்திருக்கக்கூடிய மற்றோரிடத்துக்குச் செல்பவர், இடையில் உள்ள மாநிலங்களின் வழியே அதனைக் கொண்டு செல்லலாம். ஆனால் குண்டுகள் நீக்கப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியும் குண்டும் கைக்கெட்டாத இடத்தில் இருக்கவேண்டும். வண்டியில் தனி அறை இல்லையெனில் பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். அப்பெட்டி வண்டியின் முன்பக்கத்துச் சிற்றறையாக இருத்தலும் கூடாது. இது மறைத்து ஏந்திச் செல்லும் உரிமையன்று. பூட்டிக் கடத்திச் செல்லும் சலுகையே என்பது தெளிவு.

அச்சலுகையும் எத்துணைக் குறுகியது என்பதை ஒரு வழக்கு காட்டுகின்றது. 2005-ஆம் ஆண்டில் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் விமான வழியே பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்டார். துப்பாக்கியை முறைப்படி அறிவித்து, பூட்டிய பெட்டியில் வைத்து, விமானச் சரக்கோடு அனுப்பியிருந்தார். இடையில் நியூ ஜெர்சியின் நூவர்க் விமான நிலையத்தில் அவர் பயணம் தடைப்பட்டது. பெட்டி அவர் கைக்கு வந்தது. அன்றிரவை விமான நிலையத்தை அடுத்த விடுதியிற் கழித்தார். மறுநாட் காலை, பயணத்தைத் தொடர வந்தவர், பெட்டியில் துப்பாக்கி உண்டென்று தாமே உண்மையைச் சொன்னார், கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு பின்னர்க் கைவிடப்பட்டது. ஆயினும் அவர் தொடுத்த வழக்கில், மூன்றாம் வட்டார மத்திய முறையீட்டு நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டில் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. விடுதியில் தங்கிய இரவில் பெட்டி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததனால், மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லாமற் போயிற்று என்பது தீர்ப்பின் சாரம்.

மற்றொரு நிகழ்ச்சி மக்கள் மனத்தைப் பெரிதும் அசைத்தது. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில், பென்சில்வேனியாவின் உரிமம் பெற்ற இளம்பெண் ஒருவர், நியூ ஜெர்சியில் மோட்டாரில் சென்றுகொண்டிருந்தார். சாலை விதியை மீறினார் என்று போலீசார் அவரை நிறுத்தினர். தம்மிடம் துப்பாக்கி இருப்பதை அவரே கூறி, உரிமத்தையும் எடுத்துக் காட்டினார். தம் மாநில உரிமம் அங்குச் செல்லாது என்பதை அவர் அறியார். நியூ ஜெர்சிச் சட்டப்படி அக்குற்றத்துக்குக் குறைந்தது மூன்றரை ஆண்டுச் சிறை. ஒருவரையும் அவர் அச்சுறுத்தவில்லை. முன்பு குற்றம் புரிந்தவரும் அல்லர். பொதுமக்களின் கூக்குரல் எழுந்தபின், 2014-ஆம் ஆண்டில் அவருடைய வழக்கு சிறைத்தண்டனையைத் தவிர்க்கும் தனி முறைக்கு மாற்றப்பட்டது. இத்தகைய வெளிமாநில உரிமக்காரர்களை எவ்வாறு நடத்தவேண்டும் என்று அரசு வழக்கறிஞர்களுக்கு மாநிலத் தலைமை வழக்கறிஞர் அறிவுரையும் வழங்கினார். 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி அப்பெண்ணுக்கு முழு மன்னிப்பு அளித்தார். மன்னிப்பு வந்தது நன்றே. ஆனால், சட்டம் தன் நேர்வழியில் சென்றால் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும், கவர்னரின் கருணை குறுக்கிட்டாலே அவர் தப்புவார் என்பது நல்ல ஏற்பாடாகுமோ?

இத்தகைய நிகழ்ச்சிகளைச் சுட்டிக்காட்டி, ஒரு மாநிலத்தின் உரிமத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவேண்டும் என்று மத்தியச் சட்டம் இயற்றுமாறு சிலர் வற்புறுத்தி வருகின்றனர். செனட் சபையில் 2009-ஆம் ஆண்டில் இம்முயற்சிக்கு ஆதரவாக 58 வாக்குகளும் எதிராக 39 வாக்குகளும் கிடைத்தன; 2013-ஆம் ஆண்டில் 57-க்கு 43. பெரும்பான்மை இருந்தும், வேண்டிய 60 வாக்குகள் இல்லாமையால் இருமுறையும் தோல்வியே கண்டது. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரதிநிதிகள் சபை இத்தகைய மசோதாவை 231-க்கு 198 என்னும் வாக்குகளால் நிறைவேற்றியது. செனட் சபை அதனை எடுத்துக்கொள்ளவில்லை. 2025-ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. இதற்கிடையே, 2004-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் ஒன்று, தகுதியுள்ள போலீஸ் அதிகாரிகளும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் எம்மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து ஏந்தலாம் என்று அனுமதித்திருக்கின்றது. பயிற்சியும் நடத்தையும் ஐயமற விளங்கும் ஒரு கூட்டத்தாரைப் பற்றி மட்டுமே காங்கிரஸ் ஒருமனப்பட்டது என்பதை இதனால் அறியலாம்.

இரு தரப்பாரின் வாதங்களையும் நடுநிலையில் நின்று கேட்கவேண்டும். ஆதரிப்போர் கூறுவதாவது: ஆயுதம் ஏந்துவது அரசியலமைப்பு தந்த உரிமை, பேச்சுரிமை மாநில எல்லையில் நின்றுவிடுகிறதா? தற்காப்பு வேண்டும் நிலை எல்லைக்கு இப்புறம் மட்டுந்தான் வருமா? உரிமம் பெற்று, விசாரணைக்கு உட்பட்டு, சட்டத்தை மதித்து நடப்பவரே இவ்வலையில் சிக்குகின்றார். கொள்ளையடிக்கப் புறப்பட்டவன் எந்த உரிமத்தையும் தேடுவதில்லை. ஆகவே தண்டனை நல்லவர் மீதே விழுகின்றது என்பர்.

எதிர்ப்போர் கூறுவதாவது: பென்சில்வேனியா உரிமம் பெறத் துப்பாக்கிப் பயிற்சி எதுவும் கட்டாயமன்று. நியூயார்க் மாநிலமோ, 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 16 மணி நேர வகுப்பும், 2 மணி நேரம் சுட்டுப் பழகும் பயிற்சியும் வேண்டும் என்கின்றது. முன்னதன் உரிமத்தைப் பின்னது ஏற்றே தீரவேண்டுமென்றால், நாட்டிலேயே மிகத் தளர்ந்த விதி எதுவோ அதுவே நாடு முழுமைக்கும் விதியாகிவிடும். நெருங்கிய மக்கள் கூட்டமும் சுரங்க ரயிலும் உள்ள பெருநகரத்தின் தேவை வேறு. பல மைல்களுக்கு ஒரு வீடு உள்ள மலைநாட்டின் தேவை வேறு. தன் மக்களின் பாதுகாப்பைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லையெனில் கூட்டாட்சி என்னும் சொல்லுக்குப் பொருள் என்ன என்று அவர்கள் வினவுகின்றனர். பிற பொருள்களிலே மாநில உரிமைகளுக்காக வாதாடும் கட்சியினர் இதிலே மத்தியச் சட்டம் கேட்பதும், மத்திய அரசின் கையை வலுப்படுத்த விரும்புவோர் இதிலே மாநில உரிமை பேசுவதும் அரசியலின் வேடிக்கைகளுள் ஒன்று.

இணக்கம் ஏற்பட்ட இடங்களும் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் வர்ஜீனியாவின் தலைமை வழக்கறிஞர், 25 மாநிலங்களின் உரிமங்களை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தார். தகுதியற்றவர் என்று வர்ஜீனியா கருதுவோர்க்கும் அம்மாநிலங்கள் உரிமம் வழங்குகின்றன என்பது அவர் கூறிய காரணம். கொந்தளிப்பு எழுந்தது. சில வாரங்களுக்குள் கவர்னரும் எதிர்க்கட்சியினரும் அமர்ந்து பேசினர். வெளிமாநில உரிமங்களை ஏற்பதற்கு ஒரு தரப்பு இசைந்தது. குடும்ப வன்முறை காரணமாக நீதிமன்றத்தின் நிரந்தரப் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கவும், துப்பாக்கிச் சந்தைகளில் விருப்பத்தின் பேரில் விற்பனைக்குமுன் விசாரணை செய்ய வசதி ஏற்படுத்தவும் மறுதரப்பு இசைந்தது. 2016-ஆம் ஆண்டு ஜூலையில் இவ்வேற்பாடு நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பாரும் முழுமனநிறைவு அடையவில்லை. ஆனால் இரு தரப்பாரும் ஒன்றைப் பெற்றுச் சென்றனர்.

நீதிமன்றங்களும் இடைவழி ஒன்றைத் தேடுகின்றன. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், அண்டை மாநிலமாகிய நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து வந்தவர்களைப் பற்றிய இரு வழக்குகளில் தீர்ப்புரைத்தது. வெளியூராருக்கு உரிமம் தருவதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டிருந்த பழைய விதி செல்லாது என்றது ஒரு தீர்ப்பு. தகுதியுடையார்க்கு மறுக்காமல் தருவதாயின், வெளியூராரும் இம்மாநில உரிமத்தைப் பெற்றே ஏந்தவேண்டும் என்று கேட்பது தவறன்று என்றது மற்றொன்று. கதவைச் சாத்திவைக்கலாகாது; ஆனால் வருபவர் கதவைத் தட்டிவிட்டு வரவேண்டும் என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் கருத்து.

இந்நிலையில், பயணம் செய்வோர் கொள்ளத்தக்க நெறி ஒன்றே. புறப்படும் நாளில் உள்ள சட்டத்தை, வழியில் வரும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே அறிந்துகொள்ள வேண்டும். சென்ற ஆண்டு செல்லுபடியான உரிமம் இவ்வாண்டும் செல்லும் என்று நம்பலாகாது. ஏற்காத மாநிலத்தின் வழியே செல்ல நேர்ந்தால், எல்லையை எட்டுமுன்னரே குண்டை நீக்கி, பூட்டி, வண்டியின் பின்னறையில் வைத்துவிட வேண்டும். அதுவும் இயலாதெனில் துப்பாக்கியை வீட்டிலே விட்டுச் செல்வதே அறிவுடைமை.

ஆனால் தனிமனிதரின் எச்சரிக்கை மட்டும் இச்சிக்கலைத் தீர்த்துவிடாது. ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்றொரு மாநிலம் ஏற்பதென்றால், தான் கண்டிராத ஒருவரை, தான் செய்யாத விசாரணையின் பேரில், தன் மக்களிடையே ஆயுதத்துடன் நடமாட விடுவது என்றே பொருள். அத்தகைய நம்பிக்கையை வாக்குகளின் எண்ணிக்கையால் கட்டாயப்படுத்துவது கடினம். உரிமம் தருவோர் தம் விசாரணையையும் பயிற்சியையும் பிறர் நம்பும்படி உயர்த்த வேண்டும். ஏற்க மறுப்போர், வஞ்சகமின்றி அறியாமையால் எல்லை தாண்டியவருக்கும் தீங்கெண்ணி வந்தவனுக்கும் உள்ள வேற்றுமையைத் தம் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இவ்விரண்டில் எதுவும் மத்திய அரசின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதன்று. 1813-ஆம் ஆண்டில் கெண்டக்கியில் சட்டம் இயற்றியோர், வழிப்போக்கனை நினைத்து ஒரு வரி எழுதினார்கள். இன்றைய சட்டமன்றங்களும் அவனை நினைத்து ஒரு வரி எழுதுவது இயலாத செயலன்று.